கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் எங்கள் கேமின் விஷ்லிஸ்ட் (வாங்க விரும்பிக் குறித்து வைப்போர் எண்ணிக்கை) மூன்று மாதமாக நகரவில்லை, கேமைச் செப்டம்பரில் வெளியிடலாமா?

வேண்டாம், தள்ளிப்போடுங்கள். செப்டம்பரில் விற்பனைக்கு விட்டுவிட்டால் அக்டோபர் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் கைவிட்டுப் போகும். அது ஸ்டீம் நடத்தும் டெமோ விழா, அதாவது கேம்களின் மாதிரிப் பதிப்பை ஆடிப் பார்க்கும் விழா; இன்னும் வெளிவராத கேம்களுக்கு மட்டுமே.

விளம்பரத்துக்குப் பணம் போதாததுதான் காரணம் என்கிறீர்கள். எனக்கு உங்கள் டிரெய்லர் மீதுதான் சந்தேகம். நிறுவன முத்திரை, கருமேகம், முன்கதை எல்லாம் ஓய்ந்து நாயகன் வாளை உருவுவதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். சண்டையிலேயே தொடங்குங்கள்.

டிரெய்லரை வெட்டுவதற்கு முன், கேம் வெளியிடுவோருக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில் வருகைக் கணக்கைப் பாருங்கள். ஸ்டீமில் கேமின் முகப்புப் படம் பலர் கண்ணில் பட்டும் யாரும் கேமின் பக்கத்துக்குள் வரவில்லையென்றால் கோளாறு அந்தப் படத்தில். வந்தவர்கள் விஷ்லிஸ்டில் சேர்க்காமல் திரும்பினால் கோளாறு டிரெய்லரிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும்தான்.

ஒரு கேமுக்கு நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வாய்ப்பு ஒரே முறைதான். டெமோ அரைவேக்காடாக இருந்தால் அடுத்த விழா வரும் பிப்ரவரி வரை பொறுப்பதே மேல்.