செஃப் தொப்பிக்கு ஏன் அந்த உயரம்? கிச்சன் சீருடை பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஹோட்டல் கிச்சனில் 22 வருடம் நின்றுவிட்டு, இப்போது கேட்டரிங் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சீருடையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

சார், செஃப் தொப்பியில் 100 மடிப்பு இருக்கும், முட்டையை 100 விதமாகச் சமைக்கத் தெரிந்தவர் என்று அதற்கு அர்த்தம் என்கிறார்கள் சீனியர்கள். நிஜமா? (முதலாம் ஆண்டு மாணவர், திருச்சி)

கேட்க நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் ஆதாரம் கிடையாது. சூப்பில் முடி கிடந்ததால் ஒரு ராஜா சமையல்காரர் தலையை வெட்டினார், அதிலிருந்து தொப்பி வந்தது என்பதும் இதே வகைக் கதைதான்.

மடிப்புக்கு வேலை இருக்கிறது. அகலமான துணியைத் தலையளவுப் பட்டைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் மடித்துத்தான் தைக்க வேண்டும். அந்த மடிப்புக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குச்சி மாதிரி நின்று துணியைத் தாங்கும். அடுத்த முறை உன் தொப்பியைக் கையில் எடுத்து எண்ணிப் பார்.

அப்படியானால் அந்த உயரமான தொப்பியை ஆரம்பித்து வைத்தது யார்? (வாசகி, கோவை)

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நான் மிகவும் மதிக்கும் ஒரு மனிதரின் கதை இது.

அந்தோனென் கரேம். பாரிஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதை ஒட்டி அப்பா தெருவில் விட்டுவிட்டுப் போக, ஒரு சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு ஒரு பேஸ்ட்ரி கடைக்காரர் வேலை கொடுத்தார். ஓய்வு நேரத்தில் தேசிய நூலகத்துக்குப் போய்க் கட்டட ஓவியங்களைப் பார்த்து வரையவும் அவர் அனுமதித்தார். கோயில், கோபுரம், இடிந்த மண்டபம் என்று பார்த்ததையெல்லாம் பையன் சர்க்கரையிலும் மாவிலும் கட்டினான். பின்னாளில் பிரெஞ்சு ராஜதந்திரி தலேரான், இங்கிலாந்து இளவரசர், வங்கிக்காரர் ராத்ஸ்சைல்ட் என்று பெரிய வீடுகளில் சமைத்தார்.

அந்தக் காலத்தில் பிரெஞ்சு சமையல்காரர்கள் போட்டது பருத்திக் குல்லா. இரவில் தூங்கப் போகும்போது போடுவார்களே, நுனி தொங்கும் குல்லா, கிட்டத்தட்ட அதுதான். கரேமுக்கு அது பிடிக்கவில்லை. சமையல்காரனைப் பார்த்தால் திடகாத்திரமான ஆள் என்று தெரிய வேண்டும், இந்தக் குல்லாவோ நோயிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி காட்டுகிறது என்பது அவர் எண்ணம். 1821-இல் வியன்னாவில் பிரிட்டிஷ் தூதருக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது தன் குல்லாவுக்குள் வட்டமாக ஒரு அட்டையை வைத்தார். தொங்கியது நிமிர்ந்தது. 1822-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இரண்டு சமையல்காரர்களை நிற்க வைத்து வரைந்திருக்கிறார்: ஒருவர் தலையில் பழைய தொங்கல் குல்லா, இன்னொருவர் தலையில் புதுத் தொப்பி. சர்க்கரையில் கோபுரம் கட்டிய கைக்குத் தலையில் ஒன்று கட்டுவது கஷ்டமா என்ன?

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அன்றைய கிச்சன்கள் பெரும்பாலும் காற்று வராத நிலவறைகள், நாள் முழுக்கக் கரி அடுப்பு. ‘கரி எங்களைக் கொல்கிறது, போகட்டும், ஆயுள் குறைந்தால் புகழ் கூடும்’ என்று எழுதியவர் கரேம். 1833-இல் இறந்தபோது 50 வயதுகூட ஆகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்றவர், தன்னைப் பார்க்கிறவர்கள் மதிப்போடு பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். முடி விழாமல் இருக்கப் பழைய குல்லாவே போதும். உயரம் மரியாதைக்காக வந்தது.

தொப்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய பதவியா? (வாசகர், மதுரை)

பெரிய ஹோட்டல்களில் இன்றும் ஓரளவு அப்படித்தான். தலைமைச் செஃப் டோக் எனப்படும் அந்த உயரத் தொப்பியைப் போடுவார், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குத் தட்டைத் தொப்பி. கிச்சனில் இந்த வரிசைமுறை எல்லாவற்றுக்கும் ஒழுங்கு கொடுத்தவர் பிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே. 1870 போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்தவர். 1890-இல் லண்டன் சவாய் ஹோட்டலுக்கு வந்து, சாஸுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர் என்று படைப்பிரிவு போலப் பிரித்தார். தாகத்துக்கு மது குடித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு பார்லி தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார். வெளியே போகும்போது கண்ணியமாக உடுத்துங்கள் என்றார்.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. லண்டன் ரிஃபார்ம் கிளப்பில் புகழ் பெற்ற பிரெஞ்சு செஃப் அலெக்சிஸ் சோயே தலையில் சாய்த்து வைத்தது சிவப்பு வெல்வெட் தொப்பி. 1855-இல் கிரிமியப் போர்க்களத்துக்குப் போய்ப் படைவீரர்களுக்குச் சமைத்தவரும் அவரே.

கோட்டில் ஏன் இரண்டு வரிசைப் பித்தான்? சென்னை வெயிலில் முழுக்கை கோட் கொடுமை, அண்ணா. (கமி, அதாவது இளநிலைச் சமையல்காரர், சென்னை)

உன் கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனால் கையை மட்டும் முழங்கைக்கு மேலே ஏற்றாதே.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அவசர நேரம். பக்கத்தில் நின்றவர் வாணலியை இறக்கத் திரும்பினார், நான் தட்டோடு திரும்பினேன். கொதிக்கும் எண்ணெய் என் நெஞ்சிலும் இடது கையிலும் விழுந்தது. நெஞ்சில் துணி இரண்டு அடுக்கு. எண்ணெய் மேல் அடுக்கில் ஊறி உள் அடுக்கைத் தொடுவதற்குள் கோட்டைப் பிய்த்து எறிந்துவிட்டேன். அங்கே சிவந்ததோடு சரி. கையை மடித்து ஏற்றியிருந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்பளம், தழும்பு இன்னும் இருக்கிறது.

மார்பில் துணி ஒன்றன்மேல் ஒன்றாக வருவது அதற்குத்தான். ஒரு பக்கம் அழுக்கானால் மாற்றிப் போட்டுக்கொண்டு விருந்தினர் முன்னால் போகலாம் என்பது கூடுதல் வசதி. நல்ல கோட்டில் பித்தானும் துணி முடிச்சுதான்: கொதிநீரில் போட்டாலும் உடையாது, உடைந்து குழம்பில் விழாது. வாங்கும்போது காட்டனாகப் பார்த்து வாங்கு. பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே எண்ணெய் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. பேஸ்ட், இங்க் எதுவும் பூசாதே.

வெள்ளை ஏன்? கறை தெரியுமே! (வாசகி, தஞ்சாவூர்)

தெரியட்டும் என்றுதான் அம்மா. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் மாற்றத் தோன்றும். வெள்ளையைக் கொதிக்க வைத்து, பிளீச் போட்டு வெளுக்கலாம், சாயம் போகும் என்ற பயமில்லை.

கட்டம் போட்ட பேன்ட்டும் கழுத்துத் துணியும்? (முதலாம் ஆண்டு மாணவி, சென்னை)

கட்டம் கறையை மறைக்கும். அடுப்பு மட்டத்துக்குக் கீழே தெறிப்பது அதிகம். கழுத்துத் துணி வேர்வைக்கு. நீ கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: இடுப்பில் செருகியிருக்கும் கைத்துணி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் சூடான சட்டியைப் பிடித்தால் அந்த ஈரம் ஒரு நொடியில் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும்.

சில பிரெஞ்சு செஃப்களின் காலரில் நீலம், வெள்ளை, சிவப்புக் கோடு இருக்கிறதே? (வாசகர், யாழ்ப்பாணம்)

அந்தக் காலரைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது. பிரான்சில் 1924 முதல் கைத்தொழிலாளர்களுக்கு நடக்கும் போட்டியில் ‘மெய்யர் உவ்ரியே’ பட்டம் வென்றவர்களுக்கு மட்டும்தான் அது உரிமை. புகழ்பெற்ற பிரெஞ்சு செஃப் பால் போகூஸ் 1961-இல் வென்றார். சமையல் பிரிவில் ஒரு பெண் முதன்முதலாக வென்றது 2007-இல்தான், ஆந்த்ரே ரோசியே. அவ்வளவு தாமதமானது எனக்கு வருத்தம்தான்.

என் அப்பா கல்யாண சமையல்காரர். 30 வருடமாக வேட்டி, வெற்றுடம்பு, தோளில் துண்டு. இப்போது மண்டபத்தில் தொப்பி, ஏப்ரன் கேட்கிறார்கள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. (வாசகி, கும்பகோணம்)

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் அம்மா. அவர் தோளில் இருக்கும் துண்டும் பிரெஞ்சுக்காரர் இடுப்பில் இருக்கும் துணியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: சட்டி பிடிக்க, வேர்வை துடைக்க.

தலையை மூடுவதும் ஏப்ரன் போடுவதும் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருப்பதால் மண்டபத்தில் கேட்கத்தான் செய்வார்கள். உயரத் தொப்பி வேண்டாம், தலையை இறுக்கமாக மூடும் காட்டன் தொப்பி போதும். கோட்டும் வேண்டாம், தடித்த காட்டனில் முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துக்கொடுங்கள். முன்பக்கம் மட்டும் இரண்டு அடுக்காக இருக்கட்டும், சாதாரணப் பித்தானுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைக்கச் சொல்லுங்கள், ஒரே இழுப்பில் கழன்று வரும். ஜிலேபிக் கடாய் முன்னால் உட்காரும்போது மட்டுமாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டு தோளிலேயே இருக்கட்டும்.