டெல்லிக் குளிருக்குப் பருத்திச் சேலையா?

கேள்வி: மதுரையிலிருந்து ஆர்.கே.புரத்துக்குக் குடிவந்திருக்கிறோம். என்னிடம் இருப்பதெல்லாம் பருத்திச் சேலைகள்தான். குளிர்காலத்துக்கு எல்லாமே புதிதாக வாங்கணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சேலைகளைக் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். பார்டரில் அடிக்கடி வரும் நிறம் எது? அரக்கு என்றால் அரக்கிலேயே முழுக்கை கம்பளி ரவிக்கை 2, டிசைன் இல்லாத சால்வை 1 வாங்குங்கள். ஜனவரி விடியலில் 6, 7 டிகிரி குளிரும். வெயில் வந்தால் மதியம் 20ஐத் தொடும். கனத்த கோட்டை விட, கழற்றக்கூடிய மெல்லிய அடுக்குகளே நல்லது. உள்ளே போடும் தெர்மல் (குளிர்கால உள்ளாடை) உடம்போடு ஒட்டியிருக்கணும். தொளதொளவென்றிருந்தால் குளிர்காற்று புகும். பாவாடைக்குள் கம்பளி லெகிங்ஸ், செருப்புக்குக் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோள் இழுபட்டுத் தொங்கும். மார்ச்சில் துவைத்து, ஈரமில்லாமல் காயவைத்தே பெட்டியில் வையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கழுத்துப் பகுதியைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடி அரிக்கும்.