இலைக்கு 0.8, சயனோபாக்டீரியாவுக்கு 0.4: செல்கள் நலிந்துவிட்டனவா?

கேள்வி: சினெகோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவை (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) வளர்க்கிறேன். 20 நிமிடம் இருட்டில் வைத்து பாம் ஃப்ளூரோமீட்டரில் (குளோரோஃபில் ஒளிர்வை அளக்கும் கருவி) அளந்தால், ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் எஃப்வி/எஃப்எம் விகிதம் 0.4தான் வருகிறது. அதே கருவியில் இலைக்கு 0.8 வருகிறது. என் செல்கள் நலிந்துவிட்டனவா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான சயனோபாக்டீரியாவிலும் 0.4 சாதாரணமாக வரும். 0.8 என்பது இலைக்கான அளவுகோல், இங்கே செல்லாது.

காரணங்கள் பல. இவற்றில் ஒளியைப் பிடித்துத் தரும் முக்கிய அமைப்பு ஃபைகோபிலிசோம். அதுவே 650 முதல் 680 நானோமீட்டர் வரை ஒளிர்கிறது. அந்த ஒளிர்வின் ஒரு பகுதி குளோரோஃபில் கணக்கில் சேர்ந்து, குறைந்தபட்ச ஒளிர்வான எஃப்ஓவை உயர்த்திவிடும். எஃப்எம் என்பது உச்ச ஒளிர்வு, எஃப்வி இவ்விரண்டின் வித்தியாசம்; அதனால் விகிதம் குறையும். போதாததற்கு, ஒளிச்சேர்க்கையின் இரு புரதத் தொகுதிகளில் குளோரோஃபிலின் பெரும்பகுதி இருப்பது 'ஒளித்தொகுதி ஒன்று' என்பதில்; எஃப்வி/எஃப்எம் காட்டுவதோ ஒளித்தொகுதி இரண்டின் திறனை. அதன் ஒளிர்வு ஏறி இறங்காமல் அடியில் அப்படியே கிடக்கும். ஆக, ஃபைகோபிலிசோம் கூடினாலோ குறைந்தாலோ, ஒளித்தொகுதி இரண்டுக்கு ஒன்றுமே ஆகாமல் விகிதம் மாறும்.

இருட்டில் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இலையில் இருட்டு என்றால் ஓய்வு. இங்கே சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் ஒரே தைலக்காய்டு சவ்வில், ஒரே பிளாஸ்டோகுவினோன் (எலக்ட்ரான் கடத்தும் மூலக்கூறு) தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. இருட்டிலும் சுவாசம் அதற்கு எலக்ட்ரான்களை ஊட்டிக்கொண்டே இருக்கும். செல் 'நிலை 2'க்கு (ஒளித்தொகுதி இரண்டின் ஒளிர்வு குறையும் நிலை) போய்விடும், எஃப்எம் தாழ்ந்துவிடும். மங்கலான நீல ஒளி காட்டினால் அது திரும்ப ஏறுவதைப் பார்க்கலாம். என்பிக்யூ (ஒளிர்வு எஃப்எம்மிலிருந்து எவ்வளவு தணிந்தது என்ற கணக்கு) கழித்தல் குறியில் வந்து பலரைக் குழப்புவதும் இதனால்தான்.

சரி, உண்மையான எஃப்எம்மை எப்படி எடுப்பது? மற்ற அளவீடுகள் முடிந்தபின் ஆக்டினிக் ஒளி (ஒளிச்சேர்க்கையை ஓட்டும் ஒளி) எரியும்போதே சுமார் 10 மைக்ரோமோலார் டிசிஎம்யூ சேருங்கள்; அது ஒளித்தொகுதி இரண்டிலிருந்து எலக்ட்ரான் போவதைத் தடுக்கும். ஒளிர்வு ஏறி நிற்கும் உச்சத்தை எஃப்எம்மாக எடுத்துக்கொள்ளுங்கள். டிசிஎம்யூ ஒட்டிக்கொள்ளும் களைக்கொல்லி. க்யூவெட்டை (மாதிரி ஊற்றும் குப்பி) எத்தனாலில் நன்றாகக் கழுவாவிட்டால் அடுத்த மாதிரியும் கெடும்.

அளவிடும் ஒளியின் நிறத்தையும் பாருங்கள். 440 நானோமீட்டர் நீலம் பெரும்பாலும் ஒளித்தொகுதி ஒன்றுக்கே போவதால் சமிக்ஞை மெலிந்திருக்கும். 620ஐ ஒட்டிய சிவப்பு, ஃபைகோபிலிசோம் வழியாக ஒளித்தொகுதி இரண்டை நன்றாகத் தூண்டும். எதை எடுத்தாலும் சோதனை முடியும்வரை மாற்றாதீர்கள். அப்புறம், பலமான நீல ஒளியில் ஒளிர்வு சட்டென்று விழுந்தால் பயப்பட வேண்டாம்: ஆரஞ்சு கரோட்டினாய்டு புரதம் மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது, அதே ஊடகம், அதே ஒளி, அதே செல் அடர்த்தியில் உங்கள் பழைய எண்ணிலிருந்து இறக்கம் தெரிந்தால். அப்போதும் முதலில் உறிஞ்சல் நிறமாலையில் 625 (ஃபைகோபிலிசோம்), 680 (குளோரோஃபில்) நானோமீட்டர் முகடுகளை ஒப்பிடுங்கள். 625 மட்டும் சரிந்திருந்தால் நைட்ரஜன் பற்றாக்குறையா என்று பாருங்கள். அந்த நிலையில் செல் தன் ஃபைகோபிலிசோம்களையே சிதைக்கும். இரண்டும் மாறாமல் இருந்தால் ஆக்சிஜன் வெளியீட்டை அளந்து பாருங்கள்.