தண்ணீர் பீச்சும் பைக்குள் யார்?

கேள்வி: வலையில் ஒட்டி வந்த, அமுக்கினால் தண்ணீர் பீச்சும் தோல்பை போன்ற உயிரை அறுத்தபோது உள்ளே சிறு பூச்சிகள் ஊர்ந்தன. அவை அதன் குஞ்சுகளா?
– வாசகர், மண்டபம்

பதில்: இல்லை. அந்தப் பை அசிடியன் என்னும் உயிர். அதன் இளரி (லார்வா எனப்படும் இளம் பருவம்) தலைப்பிரட்டையைப் போலிருக்கும். நீங்கள் கண்டவை பெரும்பாலும் இறாலுக்கு உறவான ஆம்பிபாடுகளாகவோ கோபிபாடுகளாகவோ இருக்கலாம். ஆம்பிபாடில் பெண், மார்புக்கடியிலுள்ள பையில் முட்டைகளைச் சுமந்து, இளரிப் பருவமே இல்லாமல் தன் உருவிலேயே குஞ்சுகளை வெளிவிடுவதாலும், சில இனங்களில் அவை தாயோடு சில காலம் தங்குவதாலும், ஒரே அசிடியனுக்குள் பல வயதினரைக் காணலாம். கோபிபாடின் குஞ்சுகளோ நாப்ளியஸ் என்னும் இளரிகளாகக் கடலில் நீந்தி வளர்ந்த பின்பே வேறு அசிடியனுக்குள் குடியேறும். அடுத்த முறை கைலென்சில் அந்த மார்புப் பையைப் பாருங்கள். வலையில் வந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் உயிரினங்களைச் சேகரிக்கச் சட்டம் இடந்தராது.