கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் பேசுவது சுவாஹிலி மொழிதானா?

இல்லை. நைரோபியில் ஒரு மாவு ஆலையில் மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதியபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலையின் இரவுக் காவலர் நரோக் ஊர்ப் பக்கத்து மசாய்ப் பெரியவர். என் அரைகுறைச் சுவாஹிலிக்குச் சுவாஹிலியிலேயே பதில் சொல்வார். ஆனால், வீட்டாரோடு செல்பேசியில் அவர் பேசினால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஒருநாள் கேட்டேன். "அது மா" என்றார்.

மா மொழி பேசுவதால்தான் அவர்கள் மாசாய். பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நாம் நெடிலைக் குறிலாக்கிவிட்டோம். சுவாஹிலி பாந்து என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பம். மா அதிலிருந்து வேறான நைலோட்டிக் என்ற மொழிக் கிளை. கென்யாவின் துர்க்கானாவும் தெற்கு சூடானின் பாரியும் அதற்கு உறவு மொழிகள். சம்புரு மக்கள் பேசுவதும் மாவின் ஒரு வழக்கே. கென்யாவின் 2019 கணக்கெடுப்பில் மாசாய்கள் 11 லட்சத்துக்கும் மேல். எல்லைக்கு அப்பால் தான்சானியாவிலும் பெருந்தொகையினர் உண்டு.

எனக்குப் பிடித்தது அதன் பால் பகுப்பு. பெயர்ச்சொல்லின் முன்னால் 'ஒல்' வந்தால் ஆண், 'என்' வந்தால் பெண். ஒல்கிதெங் எருது, என்கிதெங் பசு. உயிரற்றதையும் விடுவதில்லை: ஒலலெம் என்றால் வாள், எங்கலெம் என்றால் சிறு கத்தி. பெரியது ஆண், சிறியது பெண் என்ற இந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. இலக்கணம் என் சம்மதம் கேட்டு உருவானதல்லவே! வாக்கியத்தில் வினை முதலில் வரும். சிங்கம் மனிதனைக் கொன்றதா, மனிதன் சிங்கத்தையா என்று காட்ட நமக்கு 'ஐ' உருபு இருக்கிறது. அவர்களோ சொல்லின் சுரத்தை ஏற்றி இறக்கியே அதைக் காட்டிவிடுகிறார்கள். நான் முயன்றபோதெல்லாம் சிங்கம்தான் செத்தது.

நைரோபி என்பதே 'எங்காரே நைரோபி', குளிர்ந்த நீர் என்ற மா தொடர். நரோக் என்றால் கறுப்பு. எங்கை என்ற சொல் கடவுளுக்கும் மழைக்கும் பொது; கறுத்த எங்கை அருள்பவர், சிவந்த எங்கை சினப்பவர். இப்படி ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவர்களைத்தான், 1904, 1911 ஒப்பந்தங்களைக் காட்டி, ஆங்கிலேயர் முதலில் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்தும் பிறகு லைக்கிப்பியா மேய்ச்சல் நிலத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். வழக்குத் தொடுத்தும் பலன் இல்லை; 1913இல் அது தள்ளுபடியானது.

அங்கே போனால் சுவாஹிலியோடு ஒரு வணக்கச் சொல்லையாவது மாவில் கற்றுக்கொண்டு போங்கள். ஆண்களிடம் 'சோபா' என்றால் 'இபா' என்பார்கள். பெண்களுக்கு 'தக்வென்யா'. இது தெரியாமல் காவலரின் மனைவியிடம் நான் 'சோபா' சொன்னதை அந்தப் பெரியவர் கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.