மன்னித்தார்கள், வழக்கும் போட்டார்கள்

கேள்வி: அடிமைப்படுத்தியவன் கொடுத்த மதத்தை அமெரிக்கக் கறுப்பின மக்கள் இன்னும் விடவில்லை. 2015இல் சர்ச்சுக்குள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவனைக்கூட மன்னித்தார்கள். இந்தப் பக்தி அவர்களுக்குப் போட்ட விலங்குதானே?
- வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: கொடுத்தான், சரி. கத்தரித்துக் கொடுத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் அதில் பத்திரமாக இருந்தது. மோசே தன் ஜனங்களை எகிப்திலிருந்து மீட்டுக்கொண்டு போகும் கதையைக் காணோம். எதற்குப் பயந்தான் என்று தெரிகிறதல்லவா? அமெரிக்காவில் அந்தக் கதை அடிமைகளின் காதுக்கு எட்டத்தான் செய்தது. தான் தப்பியதோடு நிற்காமல் திரும்பிப் போய்ப் பலரை மீட்டு வந்த ஹாரியட் டப்மனை ‘மோசே’ என்றே அழைத்தார்கள்.

நீங்கள் சொல்வது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து இம்மானுவேல் சர்ச். வெள்ளையர் சபைகளில் கிடைத்த அவமதிப்பு போதும் என்று வெளியேறியவர்கள் உருவாக்கிய சபை அது. 1822இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி, முன்னாள் அடிமையான டென்மார்க் வீசி என்பவரையும் இன்னும் 34 பேரையும் தூக்கிலிட்டார்கள். வீசி இந்தச் சபையோடு தொடர்புடையவர் என்பதால் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. 1834இல் அந்த ஊரில் கறுப்பினச் சபைகளுக்கே தடை. உள்நாட்டுப் போர் முடியும்வரை ஒளிந்து ஒளிந்துதான் கூடினார்கள். வெள்ளை இனவெறியனான கொலைகாரன் இந்த வரலாறு தெரிந்துதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான்.

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு, பைபிள் வகுப்பு. முன்பின் தெரியாத அந்த இளைஞனையும் உட்கார வைத்துக்கொண்டார்கள். கடைசி ஜெபம்வரை இருந்துவிட்டுத்தான் சுட்டான். இரண்டு நாள் கழித்து, ஜாமீன் விசாரணையில், இறந்தவர்களின் உறவினர் சிலர் ‘மன்னிக்கிறேன்’ என்றார்கள். டிவிக்காரர்கள் அதை விடவே இல்லை. அவன் கைதாகி ஒருநாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் எல்லாம் சுபம் என்பதுபோல நாடே பெருமூச்சு விட்டது. எனக்கு எரிச்சல் அந்தப் பெருமூச்சின் மேல்தான், அந்தக் குடும்பங்கள் மேல் இல்லை.

எல்லாரும் மன்னிக்கவும் இல்லை. அதோடு, அரசாங்கத்தையும் அவர்கள் சும்மா விடவில்லை. அவனுக்குத் துப்பாக்கியே விற்றிருக்கக் கூடாது, துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைப் பார்க்கும் எஃப்.பி.ஐ. சோதனையில் கோட்டை விட்டார்கள். உயிர் பிழைத்தவர்களும் குடும்பத்தாரும் வழக்குப் போட்டார்கள். 2021இல் 8.8 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. விலங்கு மாட்டியவர்கள் செய்கிற காரியமா இது?

அந்தச் சபையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இம்மானுவேல் சேர்ந்திருக்கும் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) திருச்சபை 1816இல் தொடங்கியது. முதல் பெண் பிஷப்பைத் தேர்ந்தெடுத்தது 2000இல்! அதைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சி. மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டத்தை விட்டு விலகி நின்ற கறுப்பினப் போதகர்களும் உண்டு. ஆனால் 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் அவர்களுக்கு அல்ல, ‘அவசரப்படாதே’ என்று உபதேசித்த வெள்ளை மதகுருமார்களுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில், அதே ஊரில், ஒரு சர்ச்சில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். குற்றவாளிகளில் கடைசி ஆளுக்குத் தண்டனை கிடைத்தது 2002இல். ஆக, அவசரப்படாமல் இருந்தது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சார்ல்ஸ்டனில் சுட்டவனும் கிறிஸ்தவன்தான், ஒரு லூத்தரன் சபையின் உறுப்பினன். அவனுடைய பக்தியைப் பற்றி இதுவரை யாரும் எனக்குக் கேள்வி அனுப்பியதில்லை.