கருவிழிக்குள் வளையம் வைத்தால் கண்ணாடியை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். வலது கண்ணில் கண்ணாடி போட்டாலும் எழுத்துக்கு நிழல் விழுகிறது. கெட்டி கான்டாக்ட் லென்ஸ் உறுத்துகிறது. கருவிழிக்குள் வளையம் வைக்கலாம் என்கிறார் டாக்டர். நோய் குணமாகிவிடுமா? கண்ணாடியை விட்டுவிடலாமா?

பதில்: இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக வளையம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த நோயில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு வரும். உங்கள் டோபோகிராபி படத்தை, அதாவது கருவிழியின் வளைவை நிறங்களில் காட்டும் படத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு திட்டு இருக்கும். கூம்பு அங்கேதான். அந்த இடத்தில் ஒளி ஒரு மாதிரியும் மேல்பக்கம் வேறு மாதிரியும் வளைவதால்தான் எழுத்துக்கு நிழல் விழுகிறது.

வளையம் என்று பெயர்தானே தவிர, வைப்பது பிறை வடிவத் துண்டுதான், ஒன்றோ இரண்டோ. கண்புரைக்கு வைக்கும் கெட்டி லென்ஸைச் செய்கிற அதே பிஎம்எம்ஏ பிளாஸ்டிக், கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கருவிழியின் தடிமனில் முக்கால் பங்கு ஆழத்தில் லேசரால் ஒரு சுரங்கப்பாதை போட்டு, துண்டை உள்ளே நுழைப்பார்கள். சுற்றிலும் கனம் கூடினால் நடுப்பகுதி தட்டையாகும். சூத்திரம் அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இன்டாக்ஸ் என்ற வளையத்துக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது சாதாரணக் கிட்டப்பார்வைக்குத்தான். லேசரால் பவரைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சையோடு போட்டிபோட முடியாமல் அது எடுபடவில்லை. 2004இல் கெரட்டோகோனஸுக்கு அனுமதி கிடைத்து மறுபிறவி எடுத்தது.

ஆக, வளையம் வடிவத்தைத்தான் திருத்தும், நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்கு இருப்பது சி3ஆர், அதாவது ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு புறஊதா ஒளி காட்டும் சிகிச்சை. உங்கள் வயதில் நோய் இன்னும் கூடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பழைய டோபோகிராபியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுகிறதென்றால் சி3ஆரும் வேண்டும். எதை முதலில் செய்வது, இரண்டையும் சேர்த்தே செய்வதா என்பதில் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும்.

வளையம் வைத்தபின் மூன்று மாதம் போல விட்டு மறுபடி பவர் பார்ப்பார்கள். கண்ணாடி இருக்கும், ஆனால் அதைப் போட்டால் முன்பைவிடத் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். லாபம் அங்கேதான். இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். ஒத்துவராவிட்டால் துண்டை எடுத்துவிடலாம். மெலிந்த கருவிழியில் பிளாஸ்டிக் நாளடைவில் வெளியே துருத்திக்கொண்டு வருவதும் உண்டு. பிளாஸ்டிக்குக்குப் பதில் தானமாகக் கிடைத்த கருவிழித் திசுவையே பிறையாக வெட்டி வைக்கும் 'கெயர்ஸ்' முறையில் அந்தப் பயம் குறைவு. சென்னை டாக்டர் சூசன் ஜேக்கப் கொண்டுவந்த முறை அது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கருவிழியின் நடுவில் தழும்பு விழுந்திருந்தால் எந்த வளையமும் உதவாது, கருவிழி மாற்றைத்தான் யோசிக்க வேண்டும்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அரிப்புக்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

அப்புறம், லென்ஸ் உறுத்துகிறது என்றீர்களே, ஸ்க்ளீரல் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா? அது கூம்பைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும். விலை அதிகம்தான். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் வளையத்துக்கு நாள் குறிக்கலாம்.